மூன்று பருப்புக்கு மேல் கிடையாது

ஜின்கோ மரத்தைப் பற்றி அழகாகப் பேசுகிறவர்கள் எல்லோரும் இலையோடு நிறுத்திக்கொள்பவர்கள். மஞ்சள் இலை, மஞ்சள் தெரு, நடுவில் நின்று படம் பிடித்துக்கொள்ளும் ஜோடிகள். பெண் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழத்தை ஒரு தடவை மிதித்துவிட்டு வந்து பேசட்டும். கெட்டுப்போன வெண்ணெயும் மலமும் கலந்த வாடை அது. மிதித்த காலோடு பேருந்தில் ஏறினால் பக்கத்து இருக்கைக்காரர் முதலில் தன் காலணியைத் திருப்பிப் பார்ப்பார், அப்புறம் நம்முடையதை. அக்டோபரில் எங்கள் கோசான் ஊரில் யாரும் நடப்பதில்லை, தாண்டித் தாண்டித்தான் போவார்கள்.

நான் மட்டும் அதைத் தேடிப் போவேன். ரப்பர் கையுறை, வாளி, முழங்கால் வரை பூட்ஸ். பழைய கன்பூசியப் பள்ளி முற்றத்தில் ஒரு பெண் மரம் நிற்கிறது. அதன் பழத்தைப் பொறுக்கி, தண்ணீரில் ஊறவைத்து, மேல் சதையைத் தேய்த்து எடுத்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று கொட்டை. அதை உடைத்து எண்ணெயில் வறுத்தால் இளம்பச்சையாக, கண்ணாடி போலப் பளபளவென்று பருப்பு. அந்த நாற்றத்துக்குள் இது எப்படி வந்தது என்று எனக்கு இன்னும் புரிந்ததில்லை.

என் பெயர் பில்சூன். சந்தைக்குப் பின்தெருவில் சலவைக் கடை வைத்திருக்கிறேன். ஆனால் பில்சூன் என்று கேட்டால் ஊரில் யாருக்கும் தெரியாது. எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளைப் பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நான் பெறவில்லை. ஏழு வயதுப் பெண் குழந்தை இருந்த வீட்டுக்கு இரண்டாம் தாரமாக வந்தேன். வந்த வாரமே 'மிரே அம்மா' ஆகிவிட்டேன். மீன்காரன் அப்படிக் கூப்பிட்டான், தபால்காரர் கூப்பிட்டார், மிரேவின் அப்பாவே அப்படித்தான் கூப்பிட்டார். மிரே மட்டும் 'சித்தி' என்றாள். அதில் எனக்கு வருத்தமே இல்லை என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். வருத்தம்தான்.

அந்தக் குழந்தை படுக்கையை நனைக்கும். சலவைக் கடை வீட்டில் நனைந்த போர்வை ஒரு பெரிய விஷயமா என்று கேட்கலாம். போர்வை பெரிய விஷயமில்லை. காலையில் அவள் அதைத் தானே மடித்து, வாடிக்கையாளர்களின் அழுக்கு மூட்டைக்கு அடியில் ஒளித்துவைப்பாள். அழ மாட்டாள், ஒரு வார்த்தை பேச மாட்டாள். பெற்றவள் விட்டுப் போய் அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது.

பக்கத்துக் கடை தொக்ஜா அக்காவுக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது. மிளகாய் வற்றல் விற்கிறவள், மூக்கு கூர்மை. ஒரு நாள் காலையில் கையில் முறத்தோடு வந்து நின்றாள்.

"மிரே அம்மா, இதை அந்தப் பொண்ணு தலைல கவுத்து, நாலு வீட்டுக்குப் போய் உப்பு கேட்டுட்டு வரச் சொல்லு. நம்ம காலத்துல அப்படித்தானே பண்ணுவாங்க? வெக்கப்பட்டா தானா நின்னுடும்."

எனக்குக் கோபம் வர நேரமே ஆகாது. அந்த முறத்தைப் பிடுங்கி அவள் கடை வாசலிலேயே வீசினேன்.

"உப்புதானே வேணும்? எங்க வீட்ல இருக்கு. உங்க முறத்தை உங்க தலைல கவுத்துக்குங்க அக்கா."

"நல்லதுக்குச் சொன்னா இப்படியா? சித்திக்காரின்னு ஊரே உன்னைப் பாத்துட்டு இருக்கு, ஞாபகம் வெச்சுக்கோ."

"பாக்கட்டும். கண்ணு வலிச்சா மூடிக்கட்டும்."

முறத்தை எறிந்தாயிற்று, வேறு வழி சொல்ல வேண்டுமே. நாட்டு மருந்துக் கடைக்காரரிடம் போனேன். வறுத்த ஜின்கோ பருப்பு, சாயங்காலத்தில் மூன்று, அதற்கு மேல் ஒன்று கூடக் கொடுக்கக் கூடாது, கூடினால் விஷம் என்றார். சிறுநீரை அடக்கி வைக்குமாம். அந்தக் காலத்தில் கல்யாணப் பெண்ணைப் பல்லக்கில் ஏற்றும் முன் தாய்க்காரி இதைத்தான் ஊட்டிவிடுவாளாம். நாள் முழுக்கப் பல்லக்கிலேயே இருக்க வேண்டியவள் நடுவழியில் இறங்கி ஒதுங்க முடியுமா?

மிரே தொடவே மாட்டேன் என்றாள். அவளுக்கு மரத்தடி நாற்றம்தான் ஞாபகம். நான் வாசலில் போய் ஊசி மாதிரி ஒரு பைன் இலை கிள்ளி வந்து, அந்த ஊசியில் மூன்று பருப்பைக் கோத்து, உப்பு தூவி நீட்டினேன். குச்சி மிட்டாய் மாதிரி இருந்தது போலிருக்கிறது. வாங்கி ஒன்றைக் கடித்தாள். கொஞ்ச நேரம் மென்றாள்.

"உப்பு பத்தல சித்தி," என்றாள்.

அந்த வீட்டுக்கு வந்தபிறகு அவளாக என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அதன்பிறகு தினமும் சாயங்காலம் அதே வார்த்தை. நான் உப்பைக் கூட்ட மாட்டேன், அவள் சொல்வதை நிறுத்த மாட்டாள். குளிர் முடிந்து பனி உருகும்போது போர்வை நனைவது நின்றுபோயிருந்தது. நான் அவளைப் பெறவில்லை, பால் கொடுக்கவில்லை. ஆனால் இதை நான்தான் நிறுத்தினேன் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. என்னிடம் இருந்த ஒரே பத்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதையும் அவளே கிழித்தாள். ஊட்டச்சத்துப் படிப்பு படித்து, சொங்ஜு நகரத்தில் ஒரு பள்ளிக்கூடச் சமையற்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அவள் அப்பா இறந்த வருஷம், இலையுதிர் காலத்தில் வீட்டுக்கு வந்தவளுக்கு நான் வழக்கம்போல் வறுத்துக் கொடுத்தேன். தின்றுகொண்டே பாடம் நடத்தினாள்.

"இதுல பாதி தண்ணி சித்தி, மிச்சம் மாவுச்சத்து. கொஞ்சம் புரதம், பொட்டாசியம் நிறைய, கொழுப்பு பேருக்குத்தான். நல்ல சரக்குதான். ஆனா ஒரு விஷம் இருக்கு, வறுத்தாலும் முழுசாப் போகாது. சின்னப் பிள்ளைங்க அள்ளித் தின்னா வலிப்பே வரும். எங்க பள்ளிக்கூடத்துல இதை நான் உள்ளயே விட மாட்டேன்."

"அதான் மூணுக்கு மேல குடுத்ததில்லயே."

"அது சரி. ஆனா மூத்திரம் நின்னதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு நெனைக்காத. அந்த வயசுல எல்லாப் பிள்ளைக்கும் தானா நின்னுடும்." சிரித்தாள். "தினமும் எனக்கு விஷம் வெச்சிருக்க. சித்தின்னா சும்மாவா?"

நானும் சிரித்தேன். பிறகு பாத்திரம் கழுவப் போய், கழுவி முடித்த பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷம் வசந்தத்தில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. நவம்பர் முதல் சனிக்கிழமை, சொங்ஜுவில் ஒரு கல்யாண மண்டபம். பெண்ணின் அம்மா ரோஜா நிறத்தில் ஹன்போக், நம் பழைய மாதிரிப் பாவாடையும் ஜாக்கெட்டும், உடுத்த வேண்டும், மாப்பிள்ளையின் அம்மா நீல நிறத்தில். இரண்டு பேரும் கைகோத்து முன்னால் போய் மெழுகுவத்தி ஏற்றி, முன்வரிசையில் தாய்க்கென்று போட்ட நாற்காலியில் உட்கார்ந்தால்தான் கல்யாணமே ஆரம்பிக்கும். நான் மறுநாளே போய் அளவு கொடுத்துவிட்டேன். அசல் பட்டு. துணியைத் தொட்டே சொல்லுவேன், என்னை யாரும் ஏமாற்ற முடியாது.

கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிரே வந்தாள். கடையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தேய்த்த சட்டைகளை மடிக்க ஆரம்பித்தாள்.

"சித்தி, அம்மா வராங்களாம்."

"எந்த அம்மா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டபிறகுதான் புரிந்தது.

"என்னைப் பெத்தவங்க. கனடாவுலேர்ந்து. பெரியப்பாகிட்ட போன்ல அழுதாங்களாம். அவங்கதான் மெழுகுவத்தி ஏத்தணும், அந்த நாற்காலில உக்காரணும்னு பெரியப்பா சொல்றாரு."

"நீ என்ன சொல்ற?"

மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தாள். "எனக்குத் தெரியல. நீ சொல்லு."

"பெத்தவங்க உக்காரதுதானே முறை? இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"நெஜமாவா?"

"பின்ன? எனக்கு முழங்கால் வலி. மேடை ஏறி இறங்கறதெல்லாம் யாருக்கு வேணும்?"

அவள் "சரி" என்றாள். 'இல்ல சித்தி, நீதான்' என்று அவள் சொல்வாள் என்று நான் காத்திருந்தேன். 'நான்தான் உக்காருவேன்' என்று நான் சொல்வேன் என்று ஒருவேளை அவளும் காத்திருந்தாளோ என்னவோ. இரண்டு பேரும் சட்டை மடித்து முடித்தோம். ரோஜா நிற ஹன்போக் தையல்காரியிடமிருந்து வந்ததும் பிளாஸ்டிக் உறை போட்டு, கடையில் மற்றத் துணிகளோடு மாட்டினேன். யாருடையது என்று வாடிக்கையாளர்கள் கேட்டால், "யாரோ குடுத்துட்டுப் போனாங்க, வாங்க வரல," என்பேன்.

நாற்காலியைக் கொடுத்தாகிவிட்டது. எனக்கு ஒன்றே ஒன்று வேண்டியிருந்தது. கல்யாணத்தன்று காலையில் அவள் வாயில் அந்தப் பருப்பை நான் வைக்க வேண்டும். பல்லக்கு இல்லைதான். ஆனால் இப்போதைய கல்யாணப் பெண் மட்டும் என்ன வாழ்கிறாள்? விடிந்ததும் ஒப்பனைக்கு உட்காருகிறாள், பிறகு அந்த உடையில் கட்டிவிடுகிறார்கள், கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் பாவாடையைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். பல்லக்கே தேவலை. இது பெற்றவளோ வளர்த்தவளோ, தாய் செய்கிற வேலை. நாட்டு மருந்துக் கடைக்காரர் அப்படித்தான் சொன்னார். படித்தவள் சிரித்தாலும் பரவாயில்லை, மறுக்காமல் வாயைத் திறந்தால் போதும்.

முந்தின நாள் பழத்தின் சதையைத் தேய்த்துக் கழுவி வறுத்தேன். தொக்ஜா அக்கா வாசலில் நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்குக் கல்யாணம், இன்னைக்கு இந்த நாத்தத்துல கைய விட்டுட்டு நிக்கற. மணிக்கட்டெல்லாம் எப்படித் தடிச்சிருக்கு பாரு."

"கையுறை கிழிஞ்சிருந்துச்சு, பழச்சாறு பட்டுடுச்சு. முழுக்கை ஜாக்கெட்தான், தெரியாது."

"அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரில சாப்பாட்டுக் கணக்கு போடறவதானே? இதையெல்லாம் திம்பாளா?"

"ஆஸ்பத்திரி இல்ல, பள்ளிக்கூடம். திம்பா."

"நான்னா அந்தப் பெத்தவ முகத்துல முறத்தையே எறிஞ்சிருப்பேன்," என்றாள் தொக்ஜா அக்கா. பிறகு உள்ளே வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பருப்பின் மேல் தோலைக் காகிதத்தால் தேய்த்து உரித்துக் கொடுத்தாள். வந்ததற்கு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "உப்பு கம்மி," என்றாள்.

இந்தத் தடவை உப்பைக் கூட்டினேன். ஊசிக்கு மூன்றாக மூன்று பைன் ஊசிகள். பெரியவளாகிவிட்டாளே, ஒன்பது தாங்கும்.

மண்டபத்துக்கு எதிரே தெரு முழுக்க ஜின்கோ மரங்கள். எந்தப் புண்ணியவான் பெண் மரமாகப் பார்த்து நட்டானோ. நகராட்சிக்காரர்கள் கிளைக்கடியில் வலை கட்டியிருந்தார்கள், வலைக்கு வெளியேயும் பழம் விழுந்துகொண்டிருந்தது. பட்டும் பவிசுமாக இறங்கிய விருந்தாளிகள் குதித்துக் குதித்து வாசலுக்கு ஓடினார்கள். உள்ளே லில்லிப் பூ வாசனை. அதற்கடியில் அந்த இன்னொன்று. ஆளாளுக்கு ஒரு காலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மணப்பெண் அறையில் மிரே பொம்மை போல உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் அவளோடு வேலை பார்க்கும் பெண்கள். எல்லோரும் அவளைப் போலவே படித்தவர்கள், எதைத் தின்றால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள்.

"சித்தி! இங்க வா, போட்டோ எடுக்கலாம்," என்றாள்.

போய் நின்றேன். கைப்பைக்குள் என் விரல் பொட்டலத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. "இந்தப் பக்கம் பாருங்கம்மா," என்றான் படம் எடுக்கிறவன். பார்த்தேன். விளக்கு மின்னியது.

"சாப்டியா?" என்று கேட்டேன்.

"எங்க சாப்பிடறது? தண்ணி கூடக் குடிக்கல. மூச்சு விட்டா தையல் விட்டுடும் போல."

இப்போது எடுத்து நீட்டியிருக்க வேண்டும். ஒரு பெண் உள்ளே வந்து, "ஐயோ, யாரோ ஜின்கோவ மிதிச்சுட்டு வந்திருக்காங்கடி!" என்று கத்தினாள். எல்லோரும் சிரித்து, குனிந்து காலணியைப் பார்த்தார்கள். என் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது. அந்தக் கையிலிருந்துதான் வாடை வருகிறதோ என்று எனக்குத் தோன்றிவிட்டது. இன்னொரு கூட்டம் படம் எடுக்க உள்ளே வர, நான் வெளியே தள்ளப்பட்டேன். தள்ளப்பட்டேன் என்பது பொய், நானாகத்தான் வந்தேன்.

கழிப்பறைக்குப் போய்க் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். தடித்த இடம் எரிந்தது. கதவு திறந்தது. ரோஜா நிற ஹன்போக்.

வீட்டில் ஒரு பழைய படம் உண்டு, அதனால் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. ஹேரான். மிரேவைப் பெற்றவள். படத்தில் இருந்ததைவிடக் குள்ளம். பாவாடையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அழுகிற மாதிரி நின்றாள். பூப்போட்ட காலணி முழுக்க ஜின்கோ கூழ். பாவாடை விளிம்பிலும் ஒரு சாண் அகலத்துக்கு ஈஷியிருந்தது.

என் கருநீல ஜாக்கெட்டைப் பார்த்தாள். மணப்பெண்ணுக்குப் பாவாடை தூக்கிவிட மண்டபத்தில் வைத்திருக்கும் பெண்கள் அந்த நிறம்தான் போட்டிருந்தார்கள்.

"இங்க வேலை பாக்கறவங்கதானே? அம்மா, கொஞ்சம் உதவி பண்ணுங்களேன். டாக்ஸிலேர்ந்து இறங்கினதும் கால வெச்சுட்டேன். இத்தனை வருஷத்துல இந்த மரம் இப்படி நாறும்கறதே மறந்து போச்சு. இன்னும் கால் மணி நேரத்துல மெழுகுவத்தி ஏத்தணும்."

அவள் ஈரக் காகிதத்தால் பாவாடையைத் தேய்க்கப் போனாள்.

"தேய்க்காதீங்க!" என்று கத்திவிட்டேன். சலவைக்காரி வாய், சும்மா இருக்காது. "தேய்ச்சா எண்ணெய் உள்ள இறங்கிடும். அப்புறம் போகவே போகாது. கைய எடுங்க."

குனிந்து உட்கார்ந்தேன். முழங்கால் வலி பொய்யில்லை. உலர்ந்த காகிதத்தால் கூழை ஒற்றி ஒற்றி எடுத்தேன். வாடகை ஹன்போக், பாலியஸ்டர். நல்லவேளை, பட்டாக இருந்தால் தண்ணீர் பட முடியாது. என் கடையில் உறைக்குள் தொங்குகிறதே, அது பட்டு. விரலில் கொஞ்சம் சோப்பு எடுத்து, குளிர்ந்த தண்ணீரில் விளிம்பை மட்டும் அலசினேன். காலணியைக் கழற்றச் சொல்லி அதன் அடியையும் கழுவினேன். அவள் ஒற்றைக் காலில் நின்று, விழாமல் இருக்க என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"ரொம்ப நன்றிம்மா. என் பொண்ணு கல்யாணம். இதையும் கெடுத்துட்டேனோன்னு பயந்துட்டேன்."

நான் காலணியின் இடுக்கில் ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டினேன்.

"அவகிட்ட என்ன பேசறதுன்னே தெரியல. உள்ள போனேன், அவ எந்திரிச்சு வணக்கம் சொன்னா. யாரோ மேலதிகாரிக்குச் சொல்ற மாதிரி. ஏதாவது கொண்டு வரணும்னு கனடாவுல கடை கடையா ஏறி எறங்கினேன். அவளுக்கு என்ன புடிக்கும்னு தெரிஞ்சாத்தானே? வெறுங்கையோட வந்து நிக்கறேன்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஏழு வயதில் என்ன பிடிக்கும், எட்டு வயதில் என்ன பிடிக்கும், காய்ச்சலில் எதைக் கேட்பாள், எல்லாம் எனக்குத் தெரியும். கேட்கிறவள் இவள், தெரிந்தவள் இவள் காலடியில். ஈரக் காலணியை அவள் காலில் மாட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். அவள் கண்மை கலைந்து, மிரே போர்வையை ஒளித்துவைக்கும்போது இருந்த அதே முகத்தோடு நின்றாள். அந்த முகம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

கைப்பையைத் திறந்து பொட்டலத்தை எடுத்தேன்.

"இந்தாங்க. வறுத்த ஜின்கோ. பொண்ணுக்குக் குடுங்க."

"ஜின்கோவா? இந்த நாத்தத்தையா?"

"வறுத்தா நாறாது. காலைலேர்ந்து அந்தப் பொண்ணு கழிப்பறைக்குப் போக முடியாம உக்காந்திருக்கு. இதைத் தின்னா அடக்கும். அந்தக் காலத்துல தாயார்தான் ஊட்டிவிடுவாங்க. நீங்கதானே தாயார்? போங்க, நேரமாச்சு."

"நீங்க எவ்வளவு நல்லவங்க. உங்க பேரு என்னம்மா?"

"பில்சூன்," என்றேன். அந்தப் பெயர் அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கையாலும் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, குனிந்து வணங்கிவிட்டு ஓடினாள். ஓடும்போது பாவாடையை ஒழுங்காகத் தூக்கிப் பிடித்தாள், அந்தமட்டும் சரி.

ஏன் கொடுத்தேன் என்று கேட்டால் பெரிய மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். என்னால் அதை மிரேவிடம் கொடுக்க முடியவில்லை. என் பையிலேயே அது வீட்டுக்குத் திரும்பிப் போவதை நினைக்கப் பிடிக்கவில்லை. பிள்ளையாவது பட்டினி இல்லாமல் நிற்கட்டும். ஆனால் கதவு மூடியதும் கை வெறுமையாக இருந்தது. நாற்காலி போயிற்று, இப்போது இதுவும் போயிற்று.

கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் முத்து மாலை போட்ட ஓர் அம்மாள்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்களா?" என்று கேட்டாள்.

"பொண்ணு வீடு. தெரிஞ்சவங்க," என்றேன்.

மிரேவின் பெரியப்பா முன்னாலிருந்து அவசரமாக வந்து கதவருகே நின்று, "மிரே அம்மா! மிரே அம்மா எங்க? நேரமாச்சு!" என்று கூப்பிட்டார்.

நான் எழுந்துவிட்டேன்.

இருபது வருஷத்துக்கு மேலாக அந்தப் பெயருக்கு எழுந்து பழகிய உடம்பு. அடுப்பில் இருந்தாலும், இஸ்திரிப் பெட்டியைப் பிடித்திருந்தாலும், "தோ வரேன்" என்று எழுந்துவிடும். "தோ..." வரை சொல்லியும் விட்டேன். பெரியப்பா என்னைப் பார்த்தார். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. அதே நேரம் மணப்பெண் அறையிலிருந்து ஹேரான் வேகமாக வெளியே வந்தாள். எழுந்து நின்ற என்னைப் பார்த்தாள், பெரியப்பாவைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். மாப்பிள்ளையின் அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

நான் உட்கார்ந்தேன். முன்னால் இரண்டு மெழுகுவத்தி எரிந்தது. ஹேரான் ஏற்றிய ரோஜா நிற மெழுகுவத்தி பற்ற நேரமானது. பாவாடை விளிம்பில் ஈரம் மட்டும்தான் தெரிந்தது, கறை இல்லை. அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் மிரேவின் அப்பாவுக்காகப் போட்ட நாற்காலி காலி. அவர் இருந்திருந்தால் யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார் என்று யோசித்தேன். எங்கேயோ ஓரமாக நின்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார், மனிதனுக்கு அந்தத் தைரியம்தான்.

மிரேவும் மாப்பிள்ளையும் சேர்ந்து நடந்து வந்தார்கள். உறுதிமொழி படித்தார்கள். நண்பன் ஒருவன் பாடினான், சுருதி சேரவில்லை. பெற்றோருக்கு வணங்கும் நேரம் வந்ததும் மிரே ஹேரான் முன்னால் குனிந்தாள். ஹேரான் எழுந்து அவளைக் கட்டிக்கொண்டு, காதில் ஏதோ சொன்னாள். மிரே தலையாட்டினாள். நான் என் மணிக்கட்டைச் சொறிந்துகொண்டிருந்தேன். அங்கே பார்க்க முடியவில்லை.

பிறகு இசை மாறியது. புது ஜோடி நடுப்பாதையில் திரும்பி நடந்து வந்தார்கள். எல்லோரும் எழுந்து கைதட்ட, நானும் எழுந்தேன். கிட்டே வரவரத்தான் கண்ணில் பட்டது. அவள் கையிலிருந்த வெள்ளைப் பூச்செண்டுக்கு நடுவே பச்சையாக மூன்று பைன் ஊசிகள் செருகியிருந்தன. மூன்றும் மொட்டை. ஒரு பருப்பு மிச்சமில்லை.

கடைசி வரிசைக்கு வந்ததும் அவள் நடை ஒரு கணம் தடைப்பட்டது. மாப்பிள்ளை என்னவென்று பார்த்தான். முகத்திரைக்குள்ளிருந்து என் பக்கம் சாய்ந்தாள்.

"உப்பு சரியா இருந்துச்சு, சித்தி."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நிற்க முடியாது, பின்னால் படம் எடுக்கிறவன், பாவாடை தூக்குகிறவள், காகிதப் பூத் தூவுகிறவர்கள். எனக்குக் கண் மறைத்துவிட்டது. மூக்கை உறிஞ்சினேன். லில்லியும் ஜின்கோவும் கலந்து வந்தது.

முத்து மாலை அம்மாள் என் கையைத் தொட்டாள்.

"பொண்ணு உங்ககிட்ட என்னமோ சொல்லிச்சே, என்னங்க?"

"உப்பு சரியா இருந்துச்சாம்."

"எதுல?" அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "தெரிஞ்சவங்கன்னு சொன்னீங்களே. நீங்க யாரு?"

"எங்க ஊர்ல என்னை மிரே அம்மான்னு கூப்பிடுவாங்க," என்றேன்.

அவள் முன்வரிசை நாற்காலியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து தன் காலணியைத் திருப்பிப் பார்த்தாள்.